புராஸ்டேட் ஆபரேஷனுக்காக டெபாசிட்டை உடைக்கலாமா?

கேள்வி: எனக்கு 64 வயது, பணி ஓய்வு பெற்றுவிட்டேன். புராஸ்டேட் வீக்கத்துக்காக மூன்று வருடமாகத் தினமும் ஒரு மாத்திரை சாப்பிடுகிறேன். இப்போது இரவில் நான்கு தடவை எழுந்து போக வேண்டியிருக்கிறது. ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்கிறார் டாக்டர். அனுபவப்பட்டவர்களை விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஒரு நண்பர் லேசர் செய்துகொண்டு மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டார். இன்னொருவர் டர்ப் (சிறுநீர் வழியாகக் கருவியை விட்டுப் புராஸ்டேட்டைச் செதுக்கி எடுப்பது) செய்துகொண்டு ஒரு மாதம் படாதபாடு பட்டதாகச் சொல்கிறார். என் மைத்துனர் பத்து வருடமாக மாத்திரையிலேயே ஓட்டுகிறார். சேமிப்பில் பெரும்பகுதி ஒரு வைப்புநிதியில் இருக்கிறது, முதிர்வுக்கு இன்னும் எட்டு மாதம். மருத்துவக் காப்பீடு போன வருடம்தான் எடுத்தேன். டெபாசிட்டை உடைத்து இப்போதே செய்துகொள்வதா, எட்டு மாதம் தள்ளிப்போடுவதா?

பதில்: டெபாசிட்டைத் தொடுவதற்கு முன் டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "எட்டு மாதம் தள்ளிப்போட்டால் உடம்புக்கு என்ன நஷ்டம்?" நேராக இப்படியே கேட்கலாம், தப்பில்லை.

சிறுநீர் அடியோடு அடைத்துக்கொண்டு ட்யூப் போட்டும் சரியாகாமல் போவது, திரும்பத் திரும்ப கிருமித்தொற்று, சிறுநீரில் அடிக்கடி ரத்தம், சிறுநீர்ப்பையில் கல், அடைப்பினால் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்த அளவு) ஏறுவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் வட்டிக் கணக்குக்கே இடமில்லை, டெபாசிட்டை உடைத்துவிடுங்கள். அடைப்பை எதிர்த்துப் பல காலம் முக்கி முக்கித் தள்ளும் சிறுநீர்ப்பைத் தசை தளர்ந்துபோகலாம். அதன்பின் அடைப்பை எடுத்தாலும் பை பழையபடி காலியாகும் என்று சொல்ல முடியாது. அந்த நஷ்டத்தை எந்த வட்டியும் ஈடுகட்டாது.

இதில் எதுவும் இல்லை, தூக்கம் கெடுவதுதான் தொல்லை என்றால் இது அவசர ஆபரேஷன் அல்ல. தேதியை நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். அப்போதுதான் பணத்தைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் இருக்கிறது.

ஒரு சின்னச் சோதனை, செலவே இல்லாதது. மூன்று நாள் ஒரு நோட்டில், எப்போது எவ்வளவு குடித்தீர்கள், எப்போது எவ்வளவு போனது என்று அளவுக் குவளையில் அளந்து எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். இரவில் எழுவதற்குப் புராஸ்டேட் மட்டுமே காரணம் என்று இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்காகச் சாப்பிடும் நீர் மாத்திரை, கால் வீக்கம், குறட்டையோடு மூச்சு தடைபடும் தூக்கக் கோளாறு, ராத்திரி காபி எல்லாமே எழுப்பும். ஆபரேஷனுக்குப் பின் சிறுநீர் வேகமாகப் போகிறது, ஆனால் இரவில் எழுவது மட்டும் நினைத்த அளவு குறையவில்லை என்று சொல்பவர்கள் நிறையப் பேர். நீங்கள் காசு கொடுக்கப்போவது இரவுத் தூக்கத்துக்காக என்றால், ஆபரேஷன் அதைத் தருமா என்பதை முன்பே கேட்டுவிடுவது நல்லது.

சரி, நண்பர்கள் கதைக்கு வருவோம். மூவர் சொன்னதும் உண்மையாகவே இருக்கும். ஆனால் மூவருக்கும் ஒரே நோய் என்று நினைக்காதீர்கள். இளவயதில் புராஸ்டேட் சுமார் 20 கிராம் இருக்கும். வீங்கிய பின் ஒருவருக்கு 35, இன்னொருவருக்கு 120 என்று இருக்கலாம். அளவுக்கும் தொல்லைக்கும் நேரான தொடர்பும் கிடையாது. அதனால்தான் டாக்டர்கள் ஏழு கேள்விகள் கொண்ட ஒரு மதிப்பெண் பட்டியலை வைத்திருக்கிறார்கள். மொத்தம் 35 மதிப்பெண். 7 வரை லேசானது, 8 முதல் 19 வரை நடுத்தரம், 20 முதல் கடுமை. உங்கள் மதிப்பெண், ஸ்கேனில் தெரிந்த அளவு, போன பிறகு பையில் தங்கும் சிறுநீர், இந்த மூன்று எண்களும் தெரியாமல் நண்பரின் பில்லையும் உங்கள் பில்லையும் ஒப்பிடுவது வீண். எந்தச் சிகிச்சை என்பதை அவர்களிடம் கேட்டு முடிவு செய்யாதீர்கள். பில்லில் வராத செலவு என்னென்ன என்று மட்டும் அவர்களைத் துருவிக் கேளுங்கள். அது டாக்டருக்கும் தெரியாது, காப்பீட்டு ஏஜென்டுக்கும் தெரியாது.

அப்படிக் கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும் பதில் இதுதான். ட்யூபை எடுத்த பிறகு சில வாரம் எரிச்சல் இருக்கும், அவசரமாக வரும், கொஞ்சம் கசியும். அதற்குப் பேட் வாங்க வேண்டும். பத்து நாள், இரண்டு வாரம் கழித்து, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும் நேரத்தில், உள்ளே புண்ணின் பொருக்கு உதிர்ந்து மறுபடி ரத்தம் வரலாம். பலர் பயந்து ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது அந்த நாளில்தான். நிறையத் தண்ணீர் குடித்ததும் தெளிந்துவிட்டால் பொதுவாகக் கவலையில்லை. கட்டிகட்டியாக வந்து அடைத்துக்கொண்டால் ஓடத்தான் வேண்டும். நான்கைந்து வாரம் கனமான எதையும் தூக்கக் கூடாது. கூட இருக்க ஓர் ஆள், போய்வர வண்டி, மறுபரிசோதனைகள், வெட்டியெடுத்த திசுவைச் சோதிக்கும் கட்டணம். டர்ப் செய்துகொண்ட உங்கள் நண்பரின் "ஒரு மாதக் கஷ்டம்" அநேகமாக இவ்வளவுதான், அது வழக்கமானது. இதற்கென்று தனியாக ஒரு தொகையைச் சேமிப்புக் கணக்கில் எடுத்துவையுங்கள். ஆஸ்பத்திரி எஸ்டிமேட்டில் இது இருக்காது, பெரும்பாலான பாலிசிகள் இதில் பாதியைக்கூடத் தராது.

அடுத்தது, இன்றைய பில்லை வைத்து சிகிச்சைகளைத் தரம் பிரிக்காதீர்கள். ஐந்து வருடக் கணக்கு போடுங்கள். புராஸ்டேட்டை வெட்டாமல் இரு பக்கமும் இழுத்துக் கட்டும் யூரோலிஃப்ட்டில் விந்து வெளியேறுவது பாதிக்கப்படாது, சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம். ஆனால் அதன் முக்கிய ஆய்வில் ஐந்து வருடத்துக்குள் 13.6 சதவீதம் பேருக்கு மறுபடி சிகிச்சை தேவைப்பட்டது. நீராவியால் திசுவைச் சுருக்கும் ரெசூமில் அதே காலத்துக்கு மறு ஆபரேஷன் 4.4 சதவீதம். அதில் சில நாள் ட்யூபோடு இருக்க வேண்டும், முழுப் பலன் தெரிய மூன்று மாதம் வரை ஆகும். இவை இரண்டும் வெவ்வேறு ஆய்வுகளின் எண்கள், அதனால் நேருக்கு நேர் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. டர்ப் பல பத்தாண்டுகளாக நடந்துவரும், பலன் நன்றாகத் தெரிந்த முறை. ஹோலெப் என்ற லேசர் முறை மிகப் பெரிய புராஸ்டேட்டுக்கும் ஒத்துவரும், மறுபடி வளர்ந்து திரும்ப வருவதும் மிகக் குறைவு. ஆனால் அதில் கை பழகிய டாக்டர் வேண்டும். லேசர் என்று சொன்னாலே ஒரே ஆபரேஷன் என்று எண்ணிவிடாதீர்கள். நண்பர் செய்துகொண்டது எது என்று அவருக்கே தெரியாமல் இருக்கலாம்.

வெட்கப்பட்டுக் கேட்காமல் விடுகிற விஷயம் ஒன்று. டர்ப், ஹோலெப் செய்துகொண்டவர்களில் பெரும்பாலானோருக்கு விந்து வெளியே வராமல் பின்னோக்கிப் பைக்குள் போய்விடும். உடலுக்குத் தீங்கில்லை. விறைப்புத்தன்மை பெரும்பாலோருக்கு அப்படியே இருக்கும். ஆனாலும் முன்பே தெரியாமல் போய்ப் பிறகு மனம் நொந்தவர்கள் உண்டு. மனைவியோடு பேசிவிட்டு டாக்டரிடம் கேளுங்கள். இதற்காகச் சற்று அதிகம் கொடுத்து வேறு முறைக்குப் போவதும் நியாயமான செலவுதான், ஆடம்பரம் இல்லை.

மைத்துனரின் மாத்திரை வழியையும் ஒதுக்க வேண்டாம். நீங்கள் தினமும் சாப்பிடுவது "ஒரு மாத்திரை" என்று எழுதியிருக்கிறீர்கள். அது டாம்சுலோசின் வகை என்றால், அது வழியைத் தளர்த்துமே தவிர சுரப்பியைச் சுருக்காது. ஃபினாஸ்டரைடு, டியூட்டாஸ்டரைடு வகைதான் சுருக்கும், பலன் தெரிய ஆறு மாதம் ஆகும், பெரிய புராஸ்டேட்டுக்குத்தான் உதவும். 2003இல் வெளியான, 3,000க்கும் மேற்பட்டோர் பங்கேற்ற ஓர் ஆய்வில் இரண்டு வகையையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு நோய் முற்றும் ஆபத்து, மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட 66 சதவீதம் குறைந்தது. உங்களுக்கு இரண்டாவது வகையை இதுவரை கொடுத்துப் பார்க்கவில்லை என்றால், எட்டு மாதக் காத்திருப்புக்கு அது பொருந்துமா என்று கேட்கலாம். ஒருசிலருக்கு ஆசை குறைவது, விறைப்புக் குறைவது என்ற பக்கவிளைவு உண்டு. புராஸ்டேட் புற்றுநோய்ச் சந்தேகத்துக்காக ரத்தத்தில் பார்க்கும் பிஎஸ்ஏ அளவையும் அது பாதியாக்கிவிடும், எனவே அதைச் சாப்பிடும்போது எந்த டாக்டர் பிஎஸ்ஏ பார்த்தாலும் சொல்லிவிட வேண்டும்.

மாத்திரையா ஆபரேஷனா என்பதற்கு எளிய கணக்கு இது. காப்பீடு போக உங்கள் கையிலிருந்து போகும் மொத்த ஆபரேஷன் செலவை, மாத மருந்துச் செலவால் வகுங்கள். 60 வந்தால் ஐந்து வருட மருந்துக்குச் சமம், 150 வந்தால் பன்னிரண்டரை வருடம். 64 வயதில் முதல் எண் ஆபரேஷன் பக்கம் சாய்கிறது, இரண்டாவது எண் மாத்திரை பக்கம் சாய்கிறது, மாத்திரை வேலை செய்தால். ஆபரேஷன் செய்தவர்களிலும் சிலர் சில வருடம் கழித்து மாத்திரைக்குத் திரும்புகிறார்கள், அதையும் மனதில் வையுங்கள். மூலிகை மாத்திரை விளம்பரங்களுக்கு மட்டும் காசு போக வேண்டாம். அதிகம் விற்கும் சா பால்மெட்டோவை 2006லும் 2011லும் வந்த இரண்டு நல்ல ஆய்வுகள் சோதித்தன, வெற்று மாத்திரையைவிட ஒன்றும் மேலாக இல்லை.

இப்போது காப்பீடு. எனக்கு உங்கள் கடிதத்தில் உறுத்தியது இதுதான். மூன்று வருடமாக மாத்திரை, பாலிசியோ போன வருடம். படிவத்தில் புராஸ்டேட்டைக் குறிப்பிட்டீர்களா? குறிப்பிடவில்லை என்றால் கிளெய்ம் நிராகரிக்கப்படலாம், பாலிசியே ரத்தாகலாம். மருந்துச் சீட்டில் தேதி இருக்கிறது, மறைக்க முடியாது. பாலிசி எழுதிக் கொடுத்த நிறுவனத்திடம் இப்போதே தெரிவித்துத் திருத்த முடியுமா என்று கேளுங்கள். குறிப்பிட்டிருந்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்புக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். சில பாலிசிகள் புராஸ்டேட் வீக்கத்தைப் பெயர் சொல்லியே தனிக் காத்திருப்பில் வைத்திருக்கும். சில பாலிசிகளில் லேசர் முறைகளுக்குத் தனி உச்சவரம்பு இருக்கும். அறை வாடகை வரம்பைத் தாண்டினால் மற்ற செலவிலும் விகிதப்படி வெட்டு விழுமா என்றும் கேளுங்கள்.

டெபாசிட் முதிரும் தேதியைவிட இந்தத் தேதிதான் உங்களுக்கு முக்கியம். டெபாசிட்டை எட்டு மாதம் முன்னால் உடைத்தால் போவது வட்டியில் ஒரு பகுதி. காத்திருப்பு முடிய ஒரு மாதம் இருக்கும்போது ஆபரேஷன் செய்துகொண்டால் மொத்த பில்லும் உங்கள் தலையில். டாக்டர் ஆபத்தில்லை என்று சொல்லி, காத்திருப்பும் ஓராண்டுக்குள் முடிகிறது என்றால், நான் காத்திருக்கவே சொல்வேன். காத்திருப்பு அதைவிட வெகுநாள் இழுக்கும் என்றால், நான்கு தடவை எழும் இரவுகளை அத்தனை காலம் சுமக்கச் சொல்ல மாட்டேன். இருட்டில் எழுந்து போகும்போது தவறி விழுவதற்கும் ஒரு பில் உண்டு.

உடைத்துத்தான் ஆக வேண்டும் என்றாலும் முழுவதும் உடைக்காதீர்கள். பகுதி மட்டும் எடுக்க வழி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் டெபாசிட்டின் மேலேயே கடன் கிடைக்குமா பாருங்கள். கடன் வட்டி டெபாசிட் வட்டியைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், ஆனால் முதிர்வு நெருங்க நெருங்க அது உடைப்பதைவிட மலிவு. இரண்டு தொகையையும் எழுத்தில் வாங்கி ஒப்பிடுங்கள். கிரெடிட் கார்டு தவணைக்கும் தனிநபர் கடனுக்கும் கையெழுத்துப் போட வேண்டாம், அடமானமாக வைக்க உங்களிடம் டெபாசிட் இருக்கும்போது அது வீண் வட்டி.

தள்ளிப்போடுவது என்று முடிவானால் இரண்டு எச்சரிக்கை. சளி, மூக்கடைப்புக்குக் கடையில் நீங்களாக மாத்திரை வாங்காதீர்கள். சூடோஎஃபெட்ரின் போன்றவையும், தூக்கம் வரவைக்கும் சில அலர்ஜி மாத்திரைகளும் சிறுநீரை ஒரேயடியாக அடைத்துவிடக்கூடும். அப்படி அடைத்தால் நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிதான், அந்த ஆபத்துக்காகவே கொஞ்சம் பணம் உடனே கைக்குக் கிடைக்கும்படி இருக்க வேண்டும். இரண்டாவது, இதற்கிடையில் கண்புரை ஆபரேஷன் செய்துகொள்வதாக இருந்தால், டாம்சுலோசின் சாப்பிடுவதைக் கண் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அந்த மாத்திரை கண்பாவையைச் சுற்றியுள்ள திரையைத் தளர்த்தும். நிறுத்திவிட்டாலும் சொல்ல வேண்டும்.

ஆஸ்பத்திரியிடம் எஸ்டிமேட்டைப் பிரித்து எழுதி வாங்குங்கள். எந்த முறை, எத்தனை நாள், திசுப் பரிசோதனை சேர்ந்ததா, ரத்தப்போக்குக்காக மறுபடி சேர வேண்டி வந்தால் தனிக் கட்டணமா என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். அதையும் பாலிசியின் காத்திருப்புத் தேதியையும் சேர்த்து அனுப்பினால், எவ்வளவு டெபாசிட்டிலிருந்து எடுப்பது என்று துல்லியமாகச் சொல்ல முடியும்.