ரெண்டு காயின் சுண்டினா விடை மூணா, நாலா?

கேள்வி: மேடம், நான் கணக்கு டீச்சர். நிகழ்தகவு நடத்துனா பசங்க ஃபார்முலாவ மனப்பாடம் பண்ணி மார்க் வாங்கிடுறாங்க. ஆனா ரெண்டு காயின் சுண்டினா ஒரு பூ ஒரு தலை விழ என்ன வாய்ப்புன்னு கேட்டா பாதி கிளாஸ் மூணுல ஒண்ணுங்குது. எத்தனை தடவ சொல்லியும் மண்டைல ஏறல, எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?

பதில்: முதல்ல அந்தப் பசங்கள திட்டாதீங்க டீச்சர், ப்ளீஸ். தலம்பேர்னு பிரெஞ்சு கணித மேதை, அவரே 1754-ல கலைக்களஞ்சியத்துல ரெண்டு தடவ சுண்டினா ஒரு தலையாவது விழ வாய்ப்பு மூணுல ரெண்டுன்னு எழுதுனாரு, சரியான விடை நாலுல மூணு. முதல்லயே தலை விழுந்தா ஆட்டம் முடிஞ்சுது, அதனால முதல்லயே தலை, முதல்ல பூ அப்புறம் தலை, ரெண்டும் பூ, ஆக மொத்தம் மூணே வகைன்னு எண்ணிட்டாரு, அந்த மூணும் சம வாய்ப்பு இல்லங்கறத கவனிக்கல. உங்க பசங்களும் அதே எடத்துலதான் தடுக்கி விழுறாங்க: ரெண்டும் தலை, ரெண்டும் பூ, ஒண்ணு ஒண்ணு, ஆக மூணு.

ஃபார்முலாவ ஒரு வாரம் ஓரமா வைங்க. ஒரு காயின்ல மார்க்கரால சிவப்புப் புள்ளி வச்சு, புள்ளி வச்சது ஒண்ணு வைக்காதது ஒண்ணுன்னு ஆளுக்கு ரெண்டு குடுங்க. சுண்டுறதுக்கு முன்னாடியே ஆளாளுக்கு என்ன வரும்னு நோட்ல எழுதச் சொல்லணும், இத மட்டும் விட்டுடாதீங்க, தப்பா யூகிச்சு எழுதுன புள்ளைக்குத்தான் அப்புறம் அது ஏன்னு தெரிஞ்சுக்கற ஆசையே வரும். 30 பேர் ஆளுக்கு 20 தடவன்னா 600. அவங்க சொல்ற மாதிரின்னா கலந்து விழுறது 200 பக்கம் வரணும், ஆனா போர்டுல கூட்டிப் பாத்தா 300 பக்கத்துல வந்து நிக்கும். அப்ப புள்ளியக் காட்டுங்க: புள்ளிக் காயின் தலை மத்தது பூ, புள்ளிக் காயின் பூ மத்தது தலை, இது ரெண்டும் வேற வேற, ஆக மொத்தம் நாலு வகை, அதுல ரெண்டு கலந்தது, அதாவது பாதி. கூறுவெளின்னா என்னன்னு, அதாவது வரக்கூடிய எல்லா விளைவுகளோட தொகுப்புன்னு, அதுக்கப்புறம் சொன்னாப் போதும், டக்குனு புடிச்சுக்குவாங்க.

கேள்வி: தொடர்ந்து நாலு தலை விழுந்தா அடுத்தது பூதான்னு என் பொண்ணு அடிச்சுச் சொல்றா. எப்படிப் புரியவைக்கிறது?

பதில்: காயினுக்கு ஞாபகசக்தி கெடையாதும்மா, அஞ்சாவது தடவையும் பாதிக்குப் பாதிதான். சொன்னா நம்ப மாட்டா, அதனால வெளையாடிப் பாருங்க. சுண்டாமலே மனசுல தோணுற மாதிரி பத்து பூ தலை ஒரு வரிசையா எழுதட்டும், அப்புறம் நெஜமாவே பத்து தடவ சுண்டி இன்னொரு வரிசை எழுதட்டும். மனசுல எழுதுனதுல பெரும்பாலும் பூ தலை மாறி மாறி வரும், ஒரே மாதிரி மூணு சேர்ந்து எழுதவே கை தயங்கும். ஆனா பத்து தடவ சுண்டினா வரக்கூடிய 1024 வரிசைல 846-ல மூணோ அதுக்கு மேலயோ ஒரே மாதிரி சேர்ந்துதான் வரும். அதே 1024-ல சரியா அஞ்சு தலை அஞ்சு பூ இருக்கறது வெறும் 252, அதாவது நாலுல ஒரு பங்கு கூட இல்ல. ஒரே ஒரு தடவ செஞ்சு பாத்துட்டு விட்டுடாதீங்க, அஞ்சாறு வரிசையாவது எழுதட்டும்.