கிற்றார் சத்தம் மெலிகிறதா? பிக்அப் மாற்றுவதற்கு முன் பார்க்க வேண்டியவை

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: எலெக்ற்ரிக் கிற்றாரின் சத்தம் தகரம் மாதிரி இருக்கிறது, புதுப் பிக்அப் (தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) வாங்கட்டுமா? பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு முதலில் ஸ்குறூ ட்ரைவரையும் மல்ரிமீற்றரையும் (மின் தடை அளக்கும் மீற்றர்) எடுங்கள்.

என்ட ஸ்ட்ராற் (ஃபென்டர் ஸ்ட்ராற்றோகாஸ்ரர்) வகைக் கிற்றார்ல பிரிட்ஜ் (தந்திகள் உடலில் தாங்கி நிற்கும் பாலம்) பக்கத்துப் பிக்அப் காதைக் குத்துகுது. கனமா வரட்டும் எண்டு மூண்டையும் முடிஞ்ச மட்டும் உயர்த்தினன். இப்ப தடிச்ச தந்தியில சுருதி அலையுது. (கல்லடி)

இறக்குங்கள். பிக்அப் காந்தம் தந்தியை இழுக்கிறது. நெருங்கினால் தந்தி சீராக அதிர முடியாமல் ஒரே சுரம் இரண்டாகப் பிரிந்தது போல் கேட்கும், ஒலியும் சீக்கிரம் அடங்கிவிடும். கழுத்துப் பக்கப் பிக்அப்பில் இது இன்னும் மோசம்.

கடைசிக் கட்டையில் தந்தியை அழுத்திப் பிடித்து, தந்தியின் அடிக்கும் காந்தத்தின் தலைக்கும் இடைவெளியை அளவுங்கள். சாதாரண சிங்கிள் கொயிலுக்கு (ஒற்றைச் சுருள் பிக்அப்) ஃபென்டர் நிறுவனம் சொல்லும் அளவு தடித்த தந்திப் பக்கம் 2 மி.மீ., மெல்லிய தந்திப் பக்கம் 1.6 மி.மீ. அங்கே தொடங்கி, அரைச் சுற்று அரைச் சுற்றாக இறக்கிக் கேளுங்கள். ஒலி அளவு குறையும். அதை அம்ப்ளிஃபயரில் கூட்டிவிட்டுத்தான் தரத்தை ஒப்பிட வேண்டும். சத்தம் கூடினாலே நன்றாக இருப்பதாகக் காது நம்பிவிடும், பலர் ஏமாறுவது அங்கேதான். பிரிட்ஜ் பிக்அப்பில் மெல்லிய தந்திப் பக்கத்தை மட்டும் இன்னும் கொஞ்சம் இறக்கினால் குத்தல் தணியும்.

இன்னொன்று. பழைய முறை வயரிங்கில் பிரிட்ஜ் பிக்அப்புக்கு டோன் குமிழே கிடையாது. ஐந்து நிலை சுவிட்சின் டோன் பக்கத்தில் நடுப் பிக்அப்புக்குரிய காலில் (வயர் பற்றவைக்கும் முனை) வயர் இருக்கும், பிரிட்ஜுக்குரிய கால் வெறுமையாக இருக்கும். இரண்டையும் ஒரு சின்ன வயர்த் துண்டால் சேர்த்துப் பற்றவைத்தால் இரண்டாவது டோன் குமிழ் பிரிட்ஜுக்கும் வேலை செய்யும். செலவு அநேகமாக ஒன்றுமில்லை, பலன் பெரிது.

ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்அப்) போட்ட கிற்றார், 500 கிலோ ஓம் பொட் (குமிழுக்கு அடியில் உள்ள மாறும் தடை). 250க்கு மாத்தினா இதமா வருமா? கப்பாசிற்றரையும் மாத்தவா? (செங்கலடி)

பொட்டை மாற்றினால் வரும். பொட்டின் தடை குறையக் குறைய உயர் சுரங்களின் முனை மழுங்கும். பிடிக்குமா என்று அறியப் புதுப் பொட் வாங்கத் தேவையில்லை. 470 கிலோ ஓம், கால் வாட் தடை ஒன்றை வொலியூம் பொட்டின் உள்வரும் காலுக்கும் பொட்டின் முதுகில் உள்ள ஏர்த்துக்கும் இடையில் பற்றவையுங்கள். மொத்தம் ஏறத்தாழ 242 கிலோ ஓம் ஆகிவிடும். பிடிக்காவிட்டால் வெட்டி எறியலாம்.

கப்பாசிற்றர் வேறு கதை. 0.022 மைக்ரோஃபரட்டோ (மேலே 223 என்றிருக்கும்) 0.047ஓ (473), டோன் குமிழ் முழுதாகத் திறந்திருக்கும்போது வித்தியாசம் கேட்காது. குமிழை இறக்கும்போதுதான் பெறுமதி பேசும். விலை கூடிய எண்ணெய்க் கப்பாசிற்றருக்குக் காசு கொடுக்க வேண்டாம், பெறுமதிதான் முக்கியம்.

நாங்க வயலினோட கபறிஞ்ஞா (பறங்கியரின் ஆட்ட இசை) வாசிக்கிறம். நீளக் கேபிள் போட்டா கிற்றார் சத்தம் தடிப்பா வருகுது. உண்மையா, காதுட மயக்கமா? (மட்டக்களப்பு நகர்)

உண்மை. பிக்அப் சுருளின் தூண்டமும் (inductance) கேபிளின் மின் கொள்ளளவும் (capacitance) சேர்ந்து ஓர் அதிர்வெண்ணில் ஒலியை மேடாக உயர்த்தும். அதற்கு மேலே ஒலி விழுந்துவிடும். ஸ்ட்ராற் பிக்அப் சுமார் 2.4 ஹென்றி. மொத்தக் கொள்ளளவு 500 பிக்கோஃபரட் என்றால் மேடு 4,600 ஹேர்ட்ஸ் அளவில் நிற்கும். 1,000 ஆனால் 3,250க்கு இறங்கும். கேபிள் மீற்றருக்குச் சுமார் 100 பிக்கோஃபரட் சேர்க்கும். அடித்தொனி கூடுவதில்லை, கூர்மை கீழே நகர்கிறது, காது அதைத் தடிப்பு என்று எடுத்துக்கொள்கிறது. கேபிளை நீட்டாமலே இதைச் செய்ய, வெளிவரும் ஜாக்கின் இரு கால்களுக்கிடையே 470 பிக்கோஃபரட் கப்பாசிற்றர் (471) வைக்கலாம். பற்றரி போட்ட அக்ரிவ் பிக்அப்பில் பலிக்காது.

ஆனால் உங்களுக்கு அதைச் சொல்ல மாட்டோம். வயலின் 2,000 முதல் 3,000 ஹேர்ட்ஸ் வரை உரத்து நிற்கும் வாத்தியம். கிற்றாரின் மேட்டையும் அந்தப் பக்கம் இறக்கினால் இரண்டும் முட்டும். கழுத்துப் பிக்அப்பில் வைத்து, டோன் குமிழை ஐந்துக்கு இறக்குங்கள். அப்போது மேடு நகராமல் தட்டையாகும், வயலினுக்கு இடம் கிடைக்கும்.

வாப்பாட பழைய கிற்றார். கடற்கரை வீட்டில கன காலம் கிடந்தது. ஒரு பிக்அப் மட்டும் நூல் மாதிரி மெலிஞ்சு கேட்குது. (அக்கரைப்பற்று)

சுருள் அறுந்திருக்கலாம். அறுந்த பிக்அப் முழுதாக ஊமையாகும் என்று நினைக்கிறோம்; பல வேளை மெலிந்து, அடித்தொனியே இல்லாமல் கொஞ்சம் கசியும். வயரைக் கழற்றி மல்ரிமீற்றரை 20 கிலோ ஓமில் வைத்து அளவுங்கள். ஸ்ட்ராற் வகையில் 5.5 முதல் 6.5 கிலோ ஓம், ஹம்பக்கரில் 7 முதல் 9 வரை வந்தால் நலம். எண்ணே வராவிட்டால் அறுந்துவிட்டது.

ஃபென்டர் முறைப் பிக்அப்பில் சுருள் நேரே காந்தத்தின் மேல் சுற்றப்படுகிறது. கம்பி 0.063 மி.மீ. தான். உப்புக் காற்றும் வியர்வையும் காந்தத்தில் துருப் பிடிக்க வைத்தால், துரு அந்தக் கம்பியைத் தின்றுவிடும். முதலில் கண்ணாடி வைத்து, மெல்லிய கம்பி வெளி வயரோடு சேரும் இரண்டு துளைகளையும் பாருங்கள். அங்கே அறுந்திருந்தால் ஒரு சுற்றைப் பிரித்து மீண்டும் பற்றவைக்கலாம். உள்ளே என்றால் முழுதும் புதிதாகச் சுற்ற வேண்டும். மற்றப் பிக்அப்களைக் காப்பாற்றுங்கள்: வாசித்த பின் காந்தத் தலைகளை உலர்ந்த துணியால் துடைத்து, பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை வையுங்கள்.

ஒவ்வொரு பிக்அப்பும் தனிய நல்லாக் கிடக்கு. ரெண்டையும் சேர்த்தா மூக்கால பேசுற மாதிரி. (களுவாஞ்சிகுடி)

ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்கின்றன, அடித்தொனி தம்முள் அழிகிறது. மீற்றரை ஒரு பிக்அப்பில் இணைத்து, இரும்பு ஸ்குறூ ட்ரைவரைக் காந்தத்தில் ஒட்டிச் சட்டென்று இழுங்கள். எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்று குறித்து, மற்றதிலும் செய்யுங்கள். மாறாக வந்தால் ஒன்றின் இரு வயர்களையும் இடம் மாற்றிப் பற்றவையுங்கள். உலோக மூடியுள்ள பிக்அப் என்றால் மூடியின் ஏர்த்தைப் பிரித்துத் தனி வயரில் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் இரைச்சல் வரும்.

எல்லாம் செய்து பார்த்தாச்சு. பிக்அப் மாத்தத்தான் போறன். எதைப் பார்த்து வாங்க? (கல்முனை)

கிலோ ஓம் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். மெல்லிய கம்பி போட்டாலே அந்த எண் ஏறிவிடும். தூண்டத்தின் பெறுமதி கொடுத்திருந்தால் அதைப் பாருங்கள், கூடினால் தடிப்பு. காந்தத்தில் அல்னிகோ 2 (அல்னிகோ ஒரு காந்தக் கலப்புலோகம்), அல்னிகோ 5ஐ விட வலுக் குறைந்தது; தட்டும் முனை மென்மையாக இருக்கும், உயர் சுரம் உறுத்தாது.

உங்களிடம் மூடி இல்லாத ஹம்பக்கர் இருந்தால் காந்தத்தை மட்டும் மாற்றலாம். அடியிலுள்ள நான்கு ஸ்குறூவையும் கழற்றாமல் தளர்த்தி, பழைய காந்தத்தைப் பக்கவாட்டில் தள்ளி எடுங்கள். அதற்கு முன் வடதுருவம் எந்தப் பக்கம் என்று திசைகாட்டியால் பார்த்துக் குறித்துவையுங்கள். புதியதைத் திருப்பிப் போட்டால் களுவாஞ்சிகுடிக்காரரின் நோய் உங்களுக்கும் வரும்.