டூம் விளையாட்டின் மூலநிரலை 64-பிட் லினக்ஸில் கம்பைல் செய்தால் உடனே கிராஷ் ஆகிறது. பழைய விளையாட்டை போர்ட் செய்ய (இன்றைய கணினியில் ஓடும்படி மாற்ற) எங்கிருந்து தொடங்குவது?

உங்கள் நிலைமை இப்படித்தான் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். ஐடி சாஃப்ட்வேர் 1997 டிசம்பரில் வெளியிட்ட மூலநிரலை இறக்கி, கம்பைல் செய்யும் மேக் கட்டளையைக் கொடுத்தீர்கள். எர்ர்னோ (பிழை எண்ணைத் தாங்கும் மாறி) பற்றி ஒரு பிழை வந்தது, சரிசெய்தீர்கள். பிறகு எச்சரிக்கைகள் பக்கம் பக்கமாக ஓடின, கடைசியில் செக்மென்டேஷன் ஃபால்ட், அதாவது தனக்குரியதல்லாத நினைவகத்தைத் தொட்டதால் நிரல் நின்றது. இந்த இடத்தில் பெரும்பாலோர் உடனே எஸ்டிஎல் (திரை, ஒலியைக் கையாளும் நூலகம்) பக்கம் ஓடி திரையையும் ஒலியையும் மாற்றி எழுத ஆரம்பிக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். திரை கெட்டால் கண்ணுக்குத் தெரியும், ஒலி கெட்டால் காதுக்குத் தெரியும். 64-பிட் கோளாறு அப்படியல்ல; முதல் கிராஷைச் சரிசெய்தாலும் அடுத்தது மூன்றாவது லெவல் வரை வாயைத் திறக்காது.

‘டாஸ்பாக்ஸ் (டாஸ் எமுலேட்டர்) இருக்கே’, ‘சாக்லேட் டூம் (தயாராக உள்ள டூம் போர்ட்) இருக்கே’ என்று கீழே எழுதப் போகிறவர்களுக்கு: இருக்கிறது, நன்றாகவே ஓடுகிறது. கேட்டவர் விளையாட வழி கேட்கவில்லை, போர்ட் செய்ய வழி கேட்கிறார். டூமில் பழகிய கை நாளை எவரும் தொடாத ஒரு விளையாட்டுக்கு உதவும்.

முதல் வேலை, 32-பிட் பில்ட் ஒன்றைத் தயார் செய்வது. ஜிசிசி கம்பைலருக்கு எம்32 (-m32) ஆப்ஷன், 32-பிட் பில்டுக்கான மல்டிலிப் தொகுப்பு, திரைக்கான எக்ஸ்11 மற்றும் எக்ஸ்எக்ஸ்ட் நூலகங்களின் 32-பிட் பதிப்புகள் தேவை. மேக்ஃபைலில் உள்ள என்எஸ்எல் நூலகம் இதற்கு வேண்டாம், எடுத்துவிடுங்கள். ஐ_வீடியோ கோப்பு ‘எர்ர்னோஸ்’ என்ற ஹெட்டரைக் கேட்கும். கடைசி ‘ஸ்’-ஐ நீக்கி வழக்கமான எர்ர்னோ ஹெட்டராக்குங்கள். எங்காவது எர்ர்னோவை எக்ஸ்டர்ன் இன்ட் என்று கையால் அறிவித்திருந்தால் அந்த வரியையும் அழியுங்கள். இன்று அது த்ரெட்டுக்குத் த்ரெட் தனி, லிங்கர் ஒத்துக்கொள்ளாது. சி மொழித் தரத்தை க்னு89 (-std=gnu89) என்று கட்டாயப்படுத்துங்கள். ஜிசிசி 15 முதல் முன்னிருப்பு சி23. அதில் ட்ரூ, ஃபால்ஸ் இரண்டும் மொழியின் சொந்தச் சொற்கள். டூமோ அவற்றை எனம் (enum) பெயர்களாகத் தானே அறிவித்து வைத்திருக்கிறது. கூடவே ஸ்ட்ரிக்ட் அலையாசிங்கை (ஒரே நினைவகத்தை வேறு வகையாகப் படிக்கமாட்டார்கள் என்ற கம்பைலரின் அனுமானம்) அணைத்துவிடுங்கள். லம்ப் (தரவுக் கோப்பில் உள்ள ஒரு துண்டு) பெயரின் 8 எழுத்துகளை இரண்டு இன்டாகப் படித்து ஒப்பிடும் நிரல் இது.

ஓடவிட்டால் 256 நிற சூடோகலர் (அட்டவணையிலிருந்து நிறம் எடுக்கும்) திரை வேண்டும் என்று சொல்லி நின்றுவிடும். இப்போதைக்கு ஜெஃபிரை (சன்னலுக்குள் ஓடும் எக்ஸ் திரை) 640 க்கு 480, 8 பிட் ஆழத்தில் திறந்து அதற்குள் ஓட்டுங்கள். ஒலி வராது, பரவாயில்லை.

இந்த 32-பிட் பில்ட்தான் உங்கள் உரைகல். லெவல், படம், ஒலி எல்லாம் அடங்கிய வேட் (WAD) தரவுக் கோப்பிலேயே மூன்று டெமோ பதிவுகள் உள்ளன. டெமோவில் இருப்பது வீரரின் விசை அழுத்தங்கள் மட்டுமே. மற்ற எல்லாவற்றையும் எஞ்சின் மறுபடி கணக்கிடுகிறது. ஒரு பிட் பிசகினாலும் வீரர் சுவரில் முட்டிக்கொண்டு நிற்பார். வெளியான நிரலின் பதிப்பு எண் 110, டெமோக்கள் 109-இல் பதிவானவை. அதனால் ‘வேறு பதிப்பு’ என்று மறுக்கும். அந்தச் சோதனையைத் தளர்த்துங்கள். ஒவ்வொரு டிக்கிலும் (எஞ்சினின் ஒரு காலத் துடிப்பு) வீரரின் இடம் எக்ஸ், ஒய், இசட், கூடவே தற்போக்கு எண் பட்டியலில் உள்ள இடமான பிஆர்என்டிஇன்டெக்ஸ், இந்த நான்கையும் ஒரு கோப்பில் எழுதச் செய்யுங்கள். 32-பிட்டிலும் 64-பிட்டிலும் அதே டெமோவை ஓட்டி இரண்டு கோப்புகளையும் டிஃப் செய்தால் (வரிக்கு வரி ஒப்பிட்டால்), முதலில் வேறுபடும் வரி பிழை எந்த டிக்கில் என்று காட்டிவிடும். டிக் ஒன்றுக்கு விநாடியில் 35-இல் ஒரு பங்கு, ஆகவே தேட வேண்டிய இடம் சின்னது.

அதற்கு முன் ஒன்று. ஃபிக்ஸ்டுடிவ்2 என்ற வகுத்தல் ஃபங்ஷனில் கணக்கு டபுளில் (தசம எண் வகை) நடக்கிறது. அந்தக் கணக்கைச் செய்யும் பிராசஸர் பகுதி 32-பிட்டில் எக்ஸ்87, 64-பிட்டில் எஸ்எஸ்இ. கடைசி பிட் மாற வாய்ப்பு உண்டு. 64-பிட் முழு எண்ணில் 16 இடம் இடப்புறம் தள்ளி வகுக்கும் வடிவம் அங்கேயே அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டு பில்டிலும் அதையே பயன்படுத்துங்கள்.

இனி 64-பிட். தேட வேண்டியவை இவை. பாயின்டரை (நினைவக முகவரி, இங்கே 8 பைட்) இன்டாக (4 பைட் முழு எண்) மாற்றும் இடங்கள்: ஆர்_டேட்டா கோப்பில் கலர்மேப்பை 256 பைட் எல்லைக்கு நகர்த்தும் வரி, ஆர்_டிராவில் டிரான்ஸ்லேஷன் டேபிளுக்கு அதே வேலை, சேவ்கேமில் பேட்சேவ்பி மேக்ரோ. எல்லாவற்றையும் பாயின்டர் அளவுள்ள முழு எண் வகையான யுஇன்ட்பிடிஆர்_டி (uintptr_t) ஆக்குங்கள். எம்_மிஸ்கில் அமைப்புகளின் முன்னிருப்பு மதிப்புகளில் சரங்களின் முகவரி இன்டுக்குள் திணிக்கப்பட்டிருக்கிறது. கம்பைலரே அங்கு நிறுத்திவிடும், சரங்களுக்குத் தனிப் புலம் சேருங்கள்.

கம்பைலர் மூச்சுவிடாத இடங்கள்தான் ஆபத்து. டெக்ஸ்சர் பட்டியலுக்கு நினைவகம் கேட்கும்போது எண்ணிக்கையை 4-ஆல் பெருக்குகிறது. பி_செட்டப்பில் லைன்பஃபரும் அப்படியே. 8 பைட் பாயின்டருக்கு 4 பைட் இடம். பாதி அடுத்த வீட்டில் போய் உட்காரும். இதைவிடக் கெட்டிக்காரப் பிழை மேப்டெக்ஸ்சர் ஸ்ட்ரக்டில் இருக்கிறது. அது வட்டில் உள்ள அமைப்பு. அதன் நடுவே ‘வழக்கொழிந்தது’ என்ற குறிப்போடு காலம்ன்டைரக்டரி என்ற பாயின்டர். வட்டில் அதற்கு 4 பைட். உங்கள் கம்பைலர் 8 பைட் ஒதுக்கும், அதன் பின்னால் உள்ள பேட்ச் எண்ணிக்கை குப்பையாகிவிடும். அதை இன்ட்32_டி ஆக்கினால் தீர்ந்தது. ஸோன் நினைவகம் (விளையாட்டு தொடக்கத்திலேயே எடுத்துத் தானே பங்கிடும் நினைவகம்) 6 எம்பி மட்டும், அதுவும் 4 பைட் எல்லையில் பகிரப்படுகிறது. 8 பைட் எல்லைக்கு மாற்றி 16 எம்பி கொடுங்கள். ஸோன் ஒரே பெரிய துண்டு என்பதால் நினைவக மீறலைக் கண்டுபிடிக்கும் அட்ரஸ் சானிடைசர் கருவிக்கு அதன் உள்ளே நடக்கும் மீறல் தெரியாது. பிழை தேடும் வரை ஒவ்வொரு கேட்புக்கும் நேரடியாக மாலாக் (malloc) வழியே தனி நினைவகம் கொடுத்துப் பாருங்கள். சேவ்கேம் தாங்கி 180 கேபிதான். ஸ்ட்ரக்டுகள் பெருத்ததும் பெரிய லெவலில் நிரம்பிவிடும்.

வேறு விளையாட்டாக இருந்தால் லாங் (long) என்ற முழு எண் வகையைக் கவனியுங்கள். 2003-இல் வந்த டியூக் நியூகெம் 3டி நிரலின் பில்ட் எஞ்சின் முழுக்க லாங்தான். 64-பிட் லினக்ஸில் அது 8 பைட், விண்டோஸில் 4. ஏஆர்எம் லினக்ஸில் சார் (char) வகைக்கு எதிர்ம எண் கிடையாது. அதற்கு சைன்டு சார் ஆப்ஷன்.

இங்கே ஒரு மனக்குறை. போர்ட் தொடங்கும் முன்னே மூலநிரல் முழுவதையும் ஃபார்மேட்டரில் போட்டு, வரலாற்றைத் துறந்து, ‘முதல் கமிட்’ என்று ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்களே! எந்த வரி மூலத்தில் இருந்தது, எது நீங்கள் சேர்த்தது என்று பிறகு ஒருவராலும் சொல்ல முடியாது. வரி முன்னால் உள்ள டேப் இடைவெளி பிடிக்கவில்லை என்றால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இன்னும் சிலர் எல்லாப் பதில்களையும் அரட்டை அறைக்குள் வைத்துக்கொள்கிறார்கள்; தேடுபொறி அங்கே எட்டிப் பார்க்காது, அதே கேள்வி வாராவாரம் வருகிறது. கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

டிஃப் சுத்தமான பிறகு எஸ்டிஎல்2. 64,000 பைட் திரைப் பஃபரை ஒவ்வொரு ஃப்ரேமிலும் 256 இடமுள்ள 32-பிட் நிற அட்டவணை வழியே விரியுங்கள். 320 க்கு 200 படம் 4:3 திரைக்காக வரையப்பட்டது, பிக்சல் சதுரமில்லை. 5 மடங்கு அகலம், 6 மடங்கு உயரம் என்றால் 1600 க்கு 1200-இல் கச்சிதமாக அமரும். பல டாஸ் விளையாட்டுகளின் நிறம் விஜிஏ முறைப்படி 0 முதல் 63 வரைதான்; படம் இருண்டு தெரிந்தால் அதுதான் காரணம், 2 இடம் தள்ளுங்கள். நேரக் கணக்கில் மில்லிவிநாடியை 35-ஆல் பெருக்குவதை 32-பிட் இன்டில் செய்தால் 17 மணி நேரத்தில் வழிந்துவிடும். ஒலிக்குப் பழைய டெவ் டிஎஸ்பி (/dev/dsp) சாதனக் கோப்பை நம்பவேண்டாம். ஃப்ரீபிஎஸ்டியில் அது இன்னும் உண்டு, ஓபன்பிஎஸ்டியில் எஸ்என்டிஐஓ என்ற வேறு ஒலி அமைப்பு. இரண்டையும் எஸ்டிஎல் பார்த்துக்கொள்ளும். இசை இந்த நிரலில் கிடையவே கிடையாது. டூமின் இசை வடிவமான எம்யூஎஸ்-க்கு வாசிப்பானும், பழைய ஒலி அட்டைச் சிப்பான ஓபிஎல்லுக்கு எமுலேட்டரும் தனியாகச் சேர்க்கவேண்டும்.

உரிமம்: 1997-இல் வந்தது லாபநோக்கற்ற பயனுக்கு மட்டும், 1999-இல்தான் ஜிபிஎல் என்ற கட்டற்ற உரிமம் ஆனது. பழைய ஜிப்பில் உள்ள உரிமக் கோப்பைப் பார்த்துப் பயப்படாதீர்கள். பில்ட் எஞ்சின் அப்படியல்ல, அதன் உரிமம் வணிகப் பயனைத் தடுக்கிறது, ஜிபிஎல்லோடு ஒட்டாது. வேட் கோப்பை ரெப்போவில் ஏற்றாதீர்கள். நிரல்தான் திறந்தது, தரவு இல்லை. சோதனைக்கு ஃப்ரீடூம் (கட்டற்ற மாற்றுத் தரவு) போதும், ஆனால் டெமோ ஒப்பீட்டுக்கு உங்கள் சொந்தப் பிரதியோ ஷேர்வேர் வேடோ வேண்டும். டூம்வேட்டிர் சூழல் மாறியில் அதன் அடைவைக் கொடுங்கள், கோப்பின் பெயரைச் சிறிய எழுத்துக்கு மாற்றிவிடுங்கள். டாஸ் எழுத்து அளவைப் பார்க்காது, லினக்ஸ் பார்க்கும்.