ஐடிலிங் ஸ்க்ரூ கடைசியில்தான்

கேள்வி: 1990 மாஸ்டா எம்எக்ஸ்-5. சிக்னலில் நிற்கும்போது ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் ஓடும் வேகம்) நிமிடத்துக்கு 600 சுற்று வரை இறங்கி இன்ஜின் நின்றே போகிறது. ஏர் ஸ்க்ரூவைத் திருகி ஏற்றினால், கொஞ்ச நேரத்தில் பழையபடி இறங்கிவிடுகிறது.

பதில்: நீங்கள் ஏற்றுகிறீர்கள், கம்ப்யூட்டர் இறக்குகிறது. ஐடில் வால்வைத் திறந்து மூடி அது தன் கணக்கைச் சரிக்கட்டிக்கொண்டே இருக்கும். பானட்டுக்குள் இருக்கும் டயக்னாசிஸ் பெட்டியில் ‘டிஇஎன்’, ‘ஜிஎன்டி’ என்ற இரண்டு ஓட்டைகளையும் சின்ன வயரால் இணையுங்கள். அதன்பின் கம்ப்யூட்டர் குறுக்கிடாது. இன்ஜின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். ஹெட்லைட், ஏசி அணைந்திருக்க வேண்டும். ரேடியேட்டர் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தால் அது நிற்கும்வரை பொறுங்கள். முதலில் டைமிங் (ப்ளக் பொறி விடும் நேரம்) பாருங்கள், 10 டிகிரி. அது தப்பாக இருந்தால் ஐடிலிங்கும் தப்பாகத்தான் வரும். அப்புறம் த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குள் காற்று போகும் வாய்) மேலுள்ள மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் அந்த ஏர் ஸ்க்ரூவைத் திருகி 850-க்குக் கொண்டுவாருங்கள். 50 முன்பின் இருந்தால் பரவாயில்லை. முடித்ததும் வயரை எடுக்க மறக்காதீர்கள். த்ராட்டில் ஸ்டாப் ஸ்க்ரூ பக்கம் மட்டும் போகவே வேண்டாம்.

கேள்வி: பழைய எம்ஜிபி கார், இரட்டை எஸ்யூ எச்எஸ்4 கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கருவி). ஐடிலிங்கில் இன்ஜின் குலுங்குகிறது.

பதில்: எனக்குப் பிடித்த வேலை இது; காதுதான் கருவி. வால்வு இடைவெளி, ப்ளக், டைமிங் மூன்றும் சரியா என்று பார்த்துவிட்டு வாருங்கள். ஏர் ஃபில்டர்களைக் கழற்றி, இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கும் தண்டின் க்ளாம்ப்பைத் தளர்த்துங்கள். ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டரின் வாயிலும் காட்டுங்கள். இரண்டிலும் ‘உஸ்’ சத்தம் ஒரே அளவாகும்வரை ஐடில் ஸ்க்ரூக்களைத் திருகுங்கள். அடுத்து கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் மட்டும் தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், இன்ஜின் அணையப் பார்த்தால் குறைவு, லேசாக ஏறி உடனே அடங்கினால் சரி. அடியில் உள்ள ஜெட் நட்டை மேலே ஏற்றினால் பெட்ரோல் குறையும், இறக்கினால் கூடும். ஒரு தடவைக்கு நட்டின் ஒரு முகம் மட்டும்; அவசரப்பட்டால் எங்கே ஆரம்பித்தோம் என்பதே மறந்துவிடும். கலவையைத் தொட்டபின் சத்தத்தை மறுபடி கேட்டுச் சரிசெய்துவிட்டு க்ளாம்ப்பை இறுக்குங்கள்.

கேள்வி: காலையில் ஸ்டார்ட் செய்தால் 1,500-ல் கத்துகிறது. குறைக்கலாமா?

பதில்: வேண்டாம். சூடானதும் தானாக இறங்குகிறதென்றால் கோளாறே இல்லை.

கேள்வி: ஃப்யூவல் இன்ஜெக்‌ஷன் கார். நிற்கும்போது வேகம் 800-க்கும் 1,500-க்கும் நடுவே ஊஞ்சலாடுகிறது.

பதில்: எங்கோ ஏர் இழுக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள். நண்பர் காரில் இதே தொல்லைக்கு அரைநாள் ஸ்க்ரூ திருகியிருக்கிறேன். கடைசியில் பார்த்தால் விரல் நீள ஹோஸ் ஒன்றில் வெடிப்பு. பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸ் உட்பட ஒவ்வொன்றாக நசுக்கிப் பாருங்கள். எதை நசுக்கும்போது ஆட்டம் நிற்கிறதோ, அந்த வழியில்தான் ஓட்டை. எதிலும் நிற்கவில்லையென்றால், இன்ஜின் ஆறியபின் கூலன்ட் அளவைப் பாருங்கள். சில கார்களில் ஐடில் வால்வு கூலன்ட் சூட்டை வைத்துத்தான் வேலை செய்கிறது. அளவு குறைந்து காற்று புகுந்தால் வால்வும் குழம்பிவிடும்.