தலைசுற்றல் உள்ள மகளுக்கு எந்த வேலை சரிப்படும்?

ஐயா, வணக்கம்.

தலைசுற்றலால் வேலையை விட்டுவிட்டு எட்டு மாதமாக வீட்டில் இருக்கும் மகளுக்கு எந்தத் துறை பாதுகாப்பானது என்று கேட்டிருக்கிறீர்கள். ‘உட்கார்ந்தபடி செய்கிற வேலையாகப் பார்த்துச் சொல்லுங்கள்’ என்று பதிலையும் நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்தப் பதிலை நான் அப்படியே ஏற்க மாட்டேன். தலைசுற்றலில் சில வகை உண்டு, அவற்றுக்கு நாள் முழுக்கக் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட நடமாடிக்கொண்டே செய்கிற வேலை எவ்வளவோ மேல். ஆகவே துறையைப் பற்றிப் பேசுமுன் நோயைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டியிருக்கிறது. நான் மருத்துவர் இல்லை, வேலை தேடுவோருக்கு வழி சொல்வதுதான் என் தொழில். ஆனால் வந்திருப்பது எந்த வகை என்று தெரியாமல் வேலை தேடினால் என்ன ஆகும் என்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

‘காதில் பிரச்சினை என்றார்கள், மாத்திரை கொடுத்தார்கள்’ என்பதோடு உங்கள் கடிதத்தில் மருத்துவ விவரம் முடிந்துவிடுகிறது. நோய்க்குப் பெயர் இல்லை. உங்கள் மகளிடம் மூன்று விஷயம் கேளுங்கள். ஒரு தடவை சுற்ற ஆரம்பித்தால் எவ்வளவு நேரம் நீடிக்கிறது? எதைச் செய்தால் வருகிறது? அப்போது காது அடைப்பு, இரைச்சல், கேட்கும் திறன் குறைவது, தலைவலி ஏதாவது கூட வருகிறதா?

படுக்கையில் புரளும்போது, மேல் அலமாரியை அண்ணாந்து பார்க்கும்போது, குனிந்து நிமிரும்போது அறையே சுழன்று, ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடுகிறது என்றால், அது பெரும்பாலும் பிபிபிவி என்று டாக்டர்கள் சொல்கிற வகையாக இருக்கும். உள்காதில் இருக்கவேண்டிய இடத்தை விட்டு நுண்ணிய கால்சியம் கார்பனேட் படிகங்கள் பெயர்ந்து அரைவட்டக் குழல்களுக்குள் போய்விடுவதால் வருவது. படுக்கவைத்துத் தலையை ஒரு பக்கம் திருப்பிப் பார்க்கிற டிக்ஸ்-ஹால்பைக் சோதனையிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும். அப்புறம் எப்லி முறை என்று ஒன்று இருக்கிறது. தலையையும் உடலையும் வரிசையாகச் சில நிலைகளில் திருப்பி அந்தப் படிகங்களைக் குழல்களை விட்டு வெளியே கொண்டுவருவார்கள். சில நிமிட வேலை. பெரும்பாலானவர்களுக்கு ஓரிரு முறை செய்தாலே சரியாகிவிடும். மாத்திரையால் அந்தப் படிகங்களை நகர்த்த முடியாது. இந்த வகை திரும்ப வரலாம், வந்தால் திரும்பச் செய்துகொள்ளலாம். இதற்காக ஒருவர் துறையையே மாற்ற வேண்டியதில்லை. இதற்காகவே வேலையை உதறியவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தத்தைவிடக் கோபம்தான் அதிகம் வருகிறது, அவர்கள் மேல் அல்ல.

ஒரே தடவை, நாள்கணக்கில் நிற்காமல் சுற்றி, வாந்தியோடு படுக்கையில் போட்டு, அப்புறம் வாரக்கணக்கில் தள்ளாட்டம் மட்டும் மிஞ்சியது என்றால் அது சமநிலை நரம்பின் அழற்சியாக இருக்கலாம். இதில் மூளை போகப்போகத் தன்னைப் பழக்கிக்கொள்ளும். சுற்றலை அடக்கும் மாத்திரைகள் முதல் சில நாட்களுக்கு உதவும். மாதக்கணக்கில் தொடர்ந்தால் மூளை அப்படிப் பழகுவதையே அவை தாமதப்படுத்தும். உங்கள் மகள் எட்டு மாதமாக எதைச் சாப்பிடுகிறாள், இன்னும் அது தேவையா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

உள்காதில் வரும் மெனியர் நோய் வேறு ரகம். காது அடைத்து, இரைந்து, கேட்பது மங்கி, 20 நிமிடத்திலிருந்து 12 மணி நேரம் வரை சுற்றும். அடங்கிய பிறகு ஆள் நன்றாக இருப்பார், அடுத்தது எப்போது என்று தெரியாது. சிலருக்கு முன்னறிவிப்பே இல்லாமல் கீழே தள்ளிவிடவும் செய்யும். வேலையைத் தேர்ந்தெடுப்பதில் மிகுந்த கவனம் வேண்டியது இதற்குத்தான். மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலி நோயோடு சேர்ந்த தலைசுற்றலும் உண்டு. அது 5 நிமிடத்திலிருந்து 72 மணி நேரம் வரை போகும், தலைவலி இல்லாமலும் வரும். தூக்கம் கெட்டால் அதற்குக் கொண்டாட்டம். மாறி மாறி வரும் இரவு ஷிஃப்ட் அவர்களுக்கு ஆகாது.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குச் சந்தேகம் தட்டியது இன்னொன்றின் மேல். முதலில் வந்த நோய் அடங்கியிருக்கும், ஆனால் நிற்கும்போதும் நடக்கும்போதும் மிதப்பது போலவே இருக்கும். பொருள் குவிந்த கடைகள், கூட்டம், ஓடும் திரை எல்லாம் அதைக் கூட்டும். மூன்று மாதத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் இப்படி இருந்தால், அதற்கும் மருத்துவத்தில் தனிப் பெயரும் வரையறையும் இருக்கின்றன. 2017-இல் பன்னாட்டு நிபுணர் குழு அதை வகுத்தது. தொடர்ந்து நீடிக்கும் செயல்பாட்டுத் தலைசுற்றல் என்று சொல்லலாம். பரிசோதனை எல்லாம் சரியாக வந்தது, ஆனாலும் மகள் தலை சுற்றுகிறது என்கிறாள் என்று நீங்கள் எழுதியிருப்பதில் ஒரு அலுப்பு தெரிகிறது. அவள் நடிக்கவில்லை. பயிற்சி, உளவியல் ஆலோசனை, சில மருந்துகள் என இதற்கும் சிகிச்சை இருக்கிறது. இதைக் குறிப்பாகக் கேட்டுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. சுற்றலோடு பேச்சு குளறுவது, இரட்டையாகத் தெரிவது, முகம் கோணுவது, ஒரு பக்கம் கை கால் வலுவிழப்பது, இதுவரை இல்லாத கடும் தலைவலி, நிற்கவே முடியாமல் போவது, இவற்றில் எது வந்தாலும் நேராக அவசரப் பிரிவு. ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அன்றைக்கே டாக்டர்.

சரி, இப்போது என் பக்கத்துக்கு வருகிறேன்.

வேலை இல்லாத இந்த மாதங்களில் ஒரு வசதி இருக்கிறது, அதை யாரும் பயன்படுத்துவதில்லை. சமநிலைப் பயிற்சிகளைச் சொல்கிறேன். 1940-களில் பிரிட்டனில் காது மருத்துவர் காத்தார்னும் மருத்துவர் குக்ஸியும் தொடங்கிவைத்த பயிற்சிகள் இன்றும் பல வடிவங்களில் நடக்கின்றன. ஒன்றைச் சொன்னால் புரியும். ஒரு அட்டையில் ஒரே ஒரு எழுத்தை எழுதி, கை நீட்டிய தூரத்தில் பிடித்துக்கொண்டு, கண்ணை எழுத்தை விட்டு எடுக்காமல் தலையை மட்டும் இடமும் வலமுமாக ஆட்ட வேண்டும். எழுத்து கலங்காமல் தெரியவேண்டும். ஆட்ட ஆட்டக் கொஞ்சம் சுற்றும். அந்தச் சுற்றலை வைத்துத்தான் மூளை பழகுகிறது. பயிற்சி செய்தால் அதிகமாகிறது என்று பாதியில் விடுகிறவர்கள் இந்த இடத்தில்தான் விடுகிறார்கள். அலுவலகத்தில் இருப்பவர் ஒரு நாளைக்குப் பல தடவை இதைச் செய்துவிட்டுத் தடுமாறி உட்கார முடியாது. வீட்டில் இருப்பவளுக்கு முடியும். எந்தப் பயிற்சி, எத்தனை தடவை என்பதை நோயின் வகையைப் பார்த்து பிசியோதெரபிஸ்ட்தான் சொல்லவேண்டும். காணொளி பார்த்துத் தொடங்க வேண்டாம். மெனியர் தாக்குதல் அடிக்கடி வந்துகொண்டிருக்கிற சமயத்தில் இந்தப் பயிற்சியால் அந்தத் தாக்குதல்கள் நிற்காது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

வீட்டிலேயே இருப்பதில் கெடுதலும் உண்டு. நடை குறைகிறது, தூங்கி எழும் நேரம் கலைகிறது, படுத்தபடி மொபைலில் வேலை விளம்பரங்களைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிற பழக்கம் வருகிறது. திரை ஓடும்போது கண் ‘நகர்கிறோம்’ என்கிறது, காது ‘இல்லை’ என்கிறது. நலமாக இருப்பவருக்கே சில சமயம் குமட்டும். வேலை தேடுவதாலேயே தலைசுற்றல் கூடுகிறவர்கள் இருக்கிறார்கள், கூடுவதற்கு மனக்கவலை காரணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கணினியில் பார்க்கச் சொல்லுங்கள். சுட்டியின் சக்கரத்தை உருட்டாமல் பக்கம் பக்கமாகத் தாவும் விசையை அழுத்தினால் திரை வழுக்காது. எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். பிடித்த அறிவிப்புகளை அச்செடுத்துக் காகிதத்தில் படிக்கலாம். புதிய வேலைகள் மின்னஞ்சலில் வரும்படி வைத்துவிட்டால் பாதி உருட்டல் மிச்சம். காலையில் ஒரு நேரம், மாலையில் ஒரு நேரம், நடுவில் வெளியே நடை. அது போதும்.

கூடவே ஒரு குறிப்பேடு. தேதி, எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள், காதில் முன்கூட்டியே ஏதாவது தெரிந்ததா, அடங்கிய பிறகு மறுபடி ஒரு காரியத்தில் உட்கார எவ்வளவு நேரம் பிடித்தது. டாக்டருக்கு முதல் விவரங்கள் போதும். எனக்கு வேண்டியது கடைசி விவரம். சில வாரங்களுக்குப் பிறகு அந்தக் குறிப்பேடு ‘மாதம் இரண்டு தடவை, வருமுன் அரை மணி நேரம் காது அடைக்கும், அடங்கினால் அன்றைக்குப் பாதி நாள் போச்சு’ என்பது போல ஏதாவது ஒன்றைச் சொல்லும். அதை வைத்துக்கொண்டு வேலை பார்க்கலாம். ‘அவளுக்கு உடம்பு சரியில்லை’ என்பதை வைத்துக்கொண்டு எந்த வேலையும் பார்க்க முடியாது.

நோய் கட்டுக்குள் வரும்வரை ஏணி, உயரம், சுழலும் இயந்திரம், நெருப்பு, ஆழமான நீர், வாகனம் ஓட்டும் தொழில், ஆளில்லாத இடத்தில் தனியாகச் செய்யும் வேலை, இவை வேண்டாம். இதில் விவாதம் இல்லை. சொந்த வண்டி ஓட்டுவதற்கான விதி நாட்டுக்கு நாடு மாறும், டாக்டரைக் கேட்காமல் ஓட்ட வேண்டாம். இவற்றைக் கழித்துவிட்டால் மீதியில் துறை முக்கியமே இல்லை என்பது என் கருத்து. வேலை அறிவிப்பு ஒவ்வொன்றிலும் நான் கேட்கச் சொல்வது இதைத்தான்: சொல்லாமல் கொள்ளாமல் இவள் இரண்டு மணி நேரம் காணாமல் போனால் அங்கே என்ன நடக்கும்? ஒரே நிறுவனத்தில் வரவேற்பு மேசையில் தனியாக இருப்பவர் போனால் வாசலில் கூட்டம் நின்றுவிடும். உள்ளே கணக்கு சரிபார்க்கிறவர் போனால் மாலைக்குள் முடித்துக்கொடுத்தால் சரி. சம்பளம்கூடப் பெரிதாக மாறாது. கணக்கு, பிழைதிருத்தம், மொழிபெயர்ப்பு, தர ஆய்வு, பாடம் தயாரித்தல் போன்று முடித்துக்கொடுத்ததை வைத்து அளக்கும் வேலைகள் இந்தக் கேள்விக்கு நல்ல பதில் சொல்கின்றன. அங்கேயும் இரண்டு திரைகளுக்கு நடுவே நாள் முழுக்கத் தலையைத் திருப்ப வேண்டியிருந்தால் பிரச்சினைதான். ஒரு காது மந்தமாகியிருந்தால் தொலைபேசி வேலை களைப்பைத் தரும். பலருக்கு வேலையைவிடப் பயணம்தான் பெரிய தொல்லை. வழியில் இறங்கி உட்கார இடம் இருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும்.

ஆலன் ஷெப்பர்டைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1961-இல் விண்வெளிக்குப் போன முதல் அமெரிக்கர். அதற்குச் சில ஆண்டுகளிலேயே மெனியர் நோய் வந்து, பறக்கத் தடை விதித்துவிட்டார்கள். 1968-இல் காதில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, 1971-இல் அப்பல்லோ 14-இல் போய் நிலவில் நடந்தார். அறுவைச் சிகிச்சை எல்லோருக்கும் அப்படிப் பலன் தராது, அதனால் நிலவை விடுங்கள். நடுவில் இருந்த ஆண்டுகள்தான் எனக்கு முக்கியம். அவர் நாசாவை விட்டுப் போகவில்லை, அங்கேயே விண்வெளி வீரர்கள் அலுவலகத்துக்குத் தலைவராக இருந்தார். உங்கள் மகள் படித்த படிப்பையும் பார்த்த வேலையையும் தூக்கிப் போட்டுவிட்டு வேறு எங்கோ போகவேண்டும் என்று நீங்கள் நினைப்பதால் இதைச் சொல்கிறேன். முதலில் அதே துறையில் வேறு இருக்கை இருக்கிறதா என்று தேடுவோம்.

ரெஸ்யூமில் எட்டு மாத இடைவெளிக்கு ஒரு வரி போதும்: ‘உடல்நலக் காரணத்தால் இடைவெளி. சிகிச்சை பெற்று, தற்போது பணியில் சேரத் தயார்.’ நோயின் பெயர் வேண்டாம். வேலை உறுதியான பிறகு, சேருமுன், தேவையைச் சொல்லலாம். ஆனால் அந்த வேலையில் அவளுக்கோ மற்றவர்களுக்கோ ஆபத்து வரக்கூடும் என்றால் முன்பே சொல்லியாகவேண்டும், மருத்துவப் படிவத்திலும் பொய் கூடாது. சொல்லும்போது நோயைவிடத் தேவையைச் சொல்வது நல்லது. சுழலாத நாற்காலி, பகல் ஷிஃப்ட், ஏணி ஏறாத வேலை, வந்தால் கால் மணி நேரம் படுக்க ஓர் இடம். அளவு தெரியாத நோயைக் கண்டு தயங்கும் முதலாளிகூட இப்படி ஒரு சின்னப் பட்டியலுக்குத் தலையாட்டிவிடுவார். ஐநா-வின் 2006-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27-ஆவது பிரிவு பணியிடத்தில் நியாயமான வசதி செய்துதருவதைப் பற்றிப் பேசுகிறது. தலைசுற்றல் அந்த வரம்புக்குள் வருமா என்பதை அந்தந்த நாட்டுச் சட்டம்தான் தீர்மானிக்கும்.

இன்டர்வியூ அன்று சீக்கிரம் போய் உட்காரட்டும். சுழல் நாற்காலி என்றால் வேறு கேட்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். நன்றாகக் கேட்கும் காது கேள்வி கேட்பவர் பக்கம் இருக்கட்டும். வீடியோ இன்டர்வியூவில் எதிராளி தன் திரையைப் பகிர்ந்து உருட்டினால் பார்வையைக் கொஞ்சம் விலக்கிக்கொள்ளலாம். புதிய மாத்திரையை அன்றைக்கு முதல்முதலாகப் போட்டுப் பார்க்கக் கூடாது, பலவும் தூக்கம் வரவழைப்பவை. நடுவில் சுற்றல் வந்தால் சொல்ல ஒரு வாக்கியத்தை முன்பே மனப்பாடம் செய்துகொள்ளட்டும்: ‘எனக்கு ஐந்து நிமிடம் வேண்டும், பிறகு தொடரலாம்.’ அது வாயில் தயாராக இருந்தாலே பயம் பாதி குறையும். பயமும் சுற்றலைக் கூட்டுகிற ஒன்றுதானே.

முதல் வேலை பகுதி நேரமாகவோ குறுகிய கால ஒப்பந்தமாகவோ இருந்தால் நல்லது. அந்த நாட்களிலும் குறிப்பேடு தொடரட்டும்.

உங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. மணிக்கொரு தரம் ‘தலை சுத்துதாம்மா?’ என்று கேட்பதை நிறுத்துங்கள். ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அவள் உள்ளே ஒரு தரம் சோதித்துப் பார்க்கிறாள், சோதித்தால் ஏதாவது இருக்கத்தான் செய்யும். டாக்டர் தடுக்காவிட்டால் பக்கத்துத் தெருவுக்குத் தனியாகப் போகவிடுங்கள். சாப்பாடும் தூக்கமும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் பேசினால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள், அது தனியாகக் கவனிக்கவேண்டியது.

அடுத்த சந்திப்புக்கு அந்தக் குறிப்பேடு, காது கேட்கும் திறன் பரிசோதனை அறிக்கை, பழைய வேலையில் அவள் தினமும் என்னென்ன செய்தாள் என்று அவளே எழுதிய ஒரு பக்கம், இவை மூன்றும் வேண்டும். மகள் மட்டும் உள்ளே வரட்டும், நீங்கள் வெளியே உட்கார்ந்திருக்கலாம்.