நோயாளி பாதுகாப்பு: வார்டிலிருந்து வந்த கேள்விகள்

கேள்வி: அம்மா ஒரு வாரமாக அரசு மருத்துவமனையில் இருக்கிறார். தினமும் பார்க்கும் சிஸ்டரே ஒவ்வொரு ஊசிக்கும் முன்னால் பெயரைக் கேட்கிறார். அம்மாவுக்கு எரிச்சலாக இருக்கிறது.

அந்த சிஸ்டர் செய்வதுதான் சரி. பெட் நம்பரை நம்பி மருந்து கொடுக்கக் கூடாது. ராத்திரியோடு ராத்திரியாகக் கட்டில் மாறும். ஒரே வார்டில் இரண்டு முருகன், மூன்று லட்சுமி இருப்பதும் சாதாரணம். பெயரோடு ஐ.பி. நம்பரையும் (உள்நோயாளிக்குத் தரும் பதிவு எண்) ஒத்துப் பார்க்க வேண்டும். கேட்கும் விதமும் முக்கியம். "நீங்க லட்சுமிதானே?" என்றால் அரைத்தூக்கத்தில் இருப்பவர் எதற்கும் "ஆமா" என்பார். "உங்க பேர் என்னம்மா?" என்றே கேட்க வேண்டும்.

கேள்வி: இன்சுலின் 20 யூனிட் போடச் சொல்லியிருக்கிறார்கள். மருந்து மி.லி.க்கு 100 யூனிட். வார்டில் சிவப்பு மூடி சிரிஞ்சு மட்டும்தான் இருக்கிறது. கணக்குப் போட்டு ஏற்றலாமா?

வேண்டாம். சிவப்பு மூடி மி.லி.க்கு 40 யூனிட் உள்ள மருந்துக்கு, ஆரஞ்சு மூடி மி.லி.க்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கு. சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் அரை மி.லி. வரும். அதில் இருப்பது 50 யூனிட், இரண்டரை மடங்கு. தலைகீழாக நடந்தாலும் கெடுதல்தான். 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 வரை எடுத்தால் உள்ளே போவது 8 யூனிட். சர்க்கரை குறையவில்லையே என்று டாக்டர் அளவைக் கூட்டுவார். மறுநாள் சரியான சிரிஞ்சு வந்ததும் கூட்டிய அளவு முழுதாக உள்ளே போய், சர்க்கரை மிகவும் குறைந்து நோயாளி மயங்கிவிடலாம். நைட் டியூட்டியில் விடியற்காலை ஐந்து மணிக்கு மனக்கணக்கை நம்ப முடியாது. சரியான சிரிஞ்சை வரவழையுங்கள், எடுத்த அளவை இன்னொரு சிஸ்டரிடம் காட்டுங்கள். இன்சார்ஜ் சிஸ்டர்களே, முடிந்தவரை வார்டில் ஒரே வகை இன்சுலினை மட்டும் வையுங்கள்.

கேள்வி: பக்கத்துக் கட்டில்காரரின் ஆன்டிபயாடிக்கைப் போடப் போய், கடைசி நொடியில் கவனித்து நிறுத்திவிட்டேன். "ஒண்ணும் ஆகலையே, எழுதாதே" என்கிறார்கள்.

எழுதுங்கள். ஒன்றும் ஆகாதபோது எழுதுவதுதான் அடுத்த நோயாளியைக் காப்பாற்றும். நேரம், மருந்து, அந்த ஷிஃப்டில் உங்கள் பொறுப்பில் எத்தனை பேர், ஊசி எடுக்கும்போது யாராவது கூப்பிட்டார்களா, இரண்டு டிரேயும் ஒன்றாக இருந்தனவா என்று நடந்ததை நடந்தபடி எழுதினால் போதும். மருந்து உள்ளே போயிருந்தால் முதலில் நோயாளியைப் பாருங்கள், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், கேஸ் ஷீட்டில் பதியுங்கள்.

மேலதிகாரிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ரிப்போர்ட் எழுதிய பெண்ணுக்கு மெமோ கொடுத்தால், அடுத்த தவறு உங்கள் மேசைக்கு வராது. தவறு நடந்துகொண்டேதான் இருக்கும். உங்களுக்குத்தான் தெரியாமல் போகும். எத்தனையோ நல்ல நர்ஸ்கள் இந்தப் பயத்தில் வாய்மூடி இருப்பதைப் பார்க்க எனக்கு வேதனையாக இருக்கிறது.

கேள்வி: கிளவுஸ் போட்டிருந்தால் கை கழுவ வேண்டுமா?

வேண்டும். கழற்றிய பிறகும்தான். சில வகைத் தொற்று வயிற்றுப்போக்கில் ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் ஆல்கஹால் திரவம்) போதாது. சோப்பும் தண்ணீரும் தேவை.

கேள்வி: ராத்திரியில் டாக்டர் போனில் மருந்து சொல்கிறார். எழுதிக்கொண்டால் போதுமா?

எழுதியதை அவருக்கே திரும்ப வாசித்துக் காட்டுங்கள். "ஃபிஃப்டீன்", "ஃபிஃப்டி" இரண்டும் போனில் ஒன்றுபோலவே கேட்கும். "ஒன்று, ஐந்து, பதினைந்து" என்று பிரித்துச் சொல்லுங்கள். சந்தேகம் தீரவில்லை என்றால் மருந்தைக் கையில் எடுக்காதீர்கள், நேரில் வரச் சொல்லுங்கள். காலை ரவுண்ட்ஸில் அவர் கையெழுத்தை வாங்கிவிடுங்கள்.