மணிக்கட்டு முறிவு கூடாமல் போனால்...

கேள்வி: எனக்கு வயது 27. எட்டு மாதங்களுக்கு முன் பைக்கிலிருந்து விழுந்தபோது வலது கையை ஊன்றிவிட்டேன். அன்றைய எக்ஸ்ரேயில் முறிவு தெரியவில்லை. சுளுக்கு என்று கிரேப் பேண்டேஜ் சுற்றி அனுப்பினார்கள். தரையில் கை ஊன்றி எழும்போதும் ஆக்சிலரேட்டரை முறுக்கும்போதும் இன்னும் வலிக்கிறது. இப்போது வேறொரு டாக்டர், 'ஸ்கேஃபாய்டு எலும்பு உடைந்து கூடாமல் இருக்கிறது, இடுப்பிலிருந்து எலும்பு எடுத்து வைத்து ஆபரேஷன் செய்ய வேண்டும்' என்கிறார். தாங்கக்கூடிய வலிதான். எண்ணெய்க் கட்டுப் போட்டுச் சமாளிக்க முடியாதா?
– வாசகர், ஈரோடு

பதில்: வலி தாங்கும்படி இருக்கிறது என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். இந்த முறிவில் பலர் ஏமாந்துபோவதற்குக் காரணமே அதுதான்.

மணிக்கட்டில் உள்ள எட்டுச் சிற்றெலும்புகளில் ஒன்றான ஸ்கேஃபாய்டு, கட்டைவிரலின் அடியில், படகு போன்ற வடிவில் இருக்கிறது. கட்டைவிரலை மேல்நோக்கி விறைப்பாக நீட்டினால் அதன் அடியில் இரண்டு தசைநாண்களுக்கு நடுவே ஒரு குழி விழும். கை ஊன்றி விழுந்த ஒருவருக்கு அந்தக் குழியை அழுத்தும்போது வலித்தால், எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாவிட்டாலும் முறிவு என்றே கருதி மாவுக்கட்டுப் போட்டு, 10 முதல் 14 நாட்களுக்குள் மறுபடி எக்ஸ்ரே எடுப்பதோ எம்.ஆர்.ஐ. செய்வதோதான் முறை. மெல்லிய விரிசல் முதல் நாள் படத்தில் தெரியாமல் போவது சாதாரணமாக நடப்பதுதான்.

இந்த எலும்பு கூடுவதற்குத் தடையாக இருப்பது அதன் ரத்த ஓட்டம். எலும்பின் பெரும்பகுதியைக் குருத்தெலும்பு மூடியிருப்பதால் ரத்தக் குழாய்கள் நுழைய இடம் குறைவு. நுழைபவற்றில் பெரும்பாலானவை விரல் பக்கமாக நுழைந்து முன்கையை நோக்கிப் பின்னால் செல்கின்றன. நடுவில் முறிந்தால், வாய்க்கால் உடைந்து கடைமடை வயல் காய்வதைப் போல, முன்கைப் பக்கத்துத் துண்டு ரத்தமின்றித் தவிக்கிறது. சில சமயம் அது உயிரிழந்தும் போகிறது. போதாததற்கு, முறிந்த இடத்தில் மூட்டுத் திரவமும் புகுந்துவிடும்.

ஆறு மாதம் தாண்டியும் கூடாத முறிவு தானாகக் கூடுவது மிக அரிது. எண்ணெய்க் கட்டோ தைலமோ அந்த இடைவெளியில் எலும்பை வளர்க்காது, காலம்தான் விரயமாகும். அப்படியே விட்டால் மணிக்கட்டு எலும்புகளின் அசைவு முறை குலைந்து, சில ஆண்டுகளில் குருத்தெலும்பு தேயத் தொடங்கும். தேய்மானம் முற்றிய பிறகு எலும்பை ஒட்டவைத்துப் பயனில்லை. சில எலும்புகளை அகற்றியோ ஒன்றோடொன்று இணைத்தோ வலியைத்தான் குறைக்கலாம், மணிக்கட்டின் அசைவில் ஒரு பகுதியை இழக்க நேரும். உங்கள் வயதில் அந்த நிலைக்குப் போக வேண்டாம் என்றுதான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் சி.டி. ஸ்கேன் எடுத்து எலும்பு வளைந்திருக்கிறதா, தேய்மானம் தொடங்கிவிட்டதா என்று பாருங்கள். முன்கைப் பக்கத்துத் துண்டுக்கு ரத்தம் வருகிறதா என்பதை எம்.ஆர்.ஐ. ஓரளவு காட்டும்; ஆபரேஷனின்போது எலும்பின் வெட்டு முகத்தில் ரத்தம் புள்ளி புள்ளியாகக் கசிவதை நேரில் பார்த்து உறுதிசெய்வதும் உண்டு. இடையில் வளர்ந்த நார்த்திசுவைச் சுரண்டி எடுத்துவிட்டு, இடுப்பெலும்பிலிருந்தோ முன்கை எலும்பிலிருந்தோ எடுத்த துண்டை அங்கே பொதித்து, தலையில்லாத சிறு திருகால் இறுக்குவார்கள். துண்டு உயிரிழந்திருந்தால் ரத்தக் குழாயோடு சேர்த்தே எலும்பை எடுத்துவைக்கும் முறையும் இருக்கிறது.

பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்திவிடுங்கள். புகைப்பவர்களுக்கு இந்த எலும்பு கூடாமல் போகும் வாய்ப்பு தெளிவாகவே அதிகம். ஆபரேஷன் எவ்வளவு நன்றாக நடந்திருந்தாலும் புகை அதைக் கெடுத்துவிடும்.

கேள்வி: இதே எலும்பில் திருகு வைத்து மூன்று மாதம் ஆகிறது. வலியே இல்லை. பழையபடி மூட்டை தூக்கலாமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். வலி நின்றதால் எலும்பு கூடிவிட்டது என்று சொல்ல முடியாது. சாதாரண எக்ஸ்ரேயை மட்டும் நம்புவதும் போதாது. சி.டி. ஸ்கேனில் முறிவின் குறுக்கே எலும்பு வளர்ந்திருப்பதை மருத்துவர் பார்த்துச் சொன்ன பிறகு பாரம் தூக்குங்கள். அதுவரை பிசியோதெரபிஸ்ட் கற்றுத்தரும் விரல், மணிக்கட்டுப் பயிற்சிகளை மட்டும் செய்யுங்கள்.